சைக்கிளில் புரி அழிந்தால்: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழிமுறை

புரியிட்ட, அதாவது திருகி இறுக்கும் வரிகள் வெட்டிய, எந்த இணைப்பிலும் இரண்டு பக்கங்கள் உண்டு. நட், போல்ட், கொட்டர் பின் (கிறாங்க்கை நடு அச்சில் பூட்டும் ஆப்பு), பெடல் போன்றவை கடையில் வாங்கி மாற்றக்கூடிய பக்கம். சட்டம், கிறாங்க் (பெடல் மாட்டும் தண்டு), ஹப் (சில்லின் நடுப்பாகம்) போன்றவை மாற்றப் போனால் செலவு பெருகும் பக்கம். மலிவான பக்கத்தை இழந்தாலும் விலைகூடிய பக்கத்தைக் காப்பாற்றுவதே இந்த வேலையின் நோக்கம். ஆகவே ஒரு நட் இறுக மறுக்கும்போது ஸ்பானரின் வாலில் இரும்புக் குழாயைச் செருகி நீட்டுவதற்கு முன், அதைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, பழைய பல்தூரிகையால் புரியின் இடுக்குகளில் ஒட்டியிருக்கும் கிறீஸையும் செம்மண்ணையும் நீக்கிவிட்டு, இரு பக்கங்களையும் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அழிந்துவிட்டதாகக் கருதி எறியப்படும் புரிகளில் பல, அழுக்கும் துருவும் அடைத்த நல்ல புரிகளே.

அடுத்து, அது எந்தப் புரி என்று தெரிய வேண்டும். விட்டம், புரியிடைத் தூரம், வலப்புரியா (மணிக்கூட்டுத் திசையில் இறுகுவது) இடப்புரியா (எதிர்த்திசையில் இறுகுவது) என்ற மூன்றும் தெரியாமல் புதுப் பாகம் வாங்கக் கூடாது. யாழ்ப்பாணத்து வீதிகளில் இரண்டு குடும்பங்கள் கலந்து ஓடுகின்றன: அப்பப்பா காலத்து றலி, ஹம்பர் முதலிய ஆங்கிலச் சைக்கிள்களும் அவற்றின் அச்சொட்டாக வந்த கனத்த சைக்கிள்களும் அங்குலக் கணக்கில் வெட்டிய புரிகளைக் கொண்டவை, கியர் சைக்கிள்களில் பெரும்பாலும் மில்லிமீற்றர்ப் புரிகள். ஆபத்து எங்கே இருக்கிறதென்றால், அங்குலத்துக்கு 26 புரி என்பது 0.977 மி.மீ. இடைத்தூரம்; மில்லிமீற்றர் அச்சுகளின் இடைத்தூரம் 1 மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. இரண்டும் இரண்டு மூன்று சுற்று நட்புடன் ஏறிவிட்டு, அதன் பிறகே ஒன்றையொன்று தின்னத் தொடங்கும்.

புரிமானி கையில் இல்லாதவர்கள் நல்ல புரியுள்ள ஒரு போல்ட்டை எடுத்து, சந்தேகத்துக்குரிய புரியின் மேல் நீளவாட்டில் பொருத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கலாம். பற்கள் கடைசிவரை ஒன்றினுள் ஒன்று அமர்ந்து இடையில் வெளிச்சம் தெரியாவிட்டால் இடைத்தூரம் ஒன்றே. இன்னொரு வழி, புரியின் மேல் கடதாசியை வைத்து அழுத்திக் கோடுகளைப் பதித்து, ஓர் அங்குலத்தில் எத்தனை கோடு என்று எண்ணுவது. குறுகிய புரியில் அரை அங்குலத்தை எண்ணி இரட்டிக்கலாம். ஆனால் 24, 26 போன்ற அருகருகான எண்களை அப்படிப் பிரித்தறிவது கடினம் என்பதால் அங்கே ஒப்பிட்டுப் பார்ப்பதே மேல்.

பெடல் ஆடுகிறது, அல்லது மிதிக்கும்போது கழன்று வருகிறது

முதலில் எது ஆடுகிறது என்று பிரித்தறிய வேண்டும். கிறாங்க்கை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு மறுகையால் பெடலை மேலும் கீழும் அசைத்தால், பெடலின் உடல் மட்டும் தன் அச்சின்மேல் ஆடுமானால் உள்ளே உள்ள குண்டுகளும் அவற்றைத் தாங்கும் கூம்பு நட்டான கோனும் தளர்ந்திருக்கின்றன. அது புரிப் பிரச்சினை அல்ல. பெடல் அச்சு கிறாங்க்கினுள் புகும் இடத்தில் அசைவு தெரிந்தால்தான் துளையின் புரி சந்தேகத்துக்குரியது. கிறாங்க் முழுவதுமாக நடு அச்சின்மேல் ஆடினால் கொட்டர் பின்னைப் பார்க்க வேண்டும்.

பெடலைக் கழற்றும்போது ஒரு விதி நினைவில் இருந்தால் போதும்: ஸ்பானரின் வால் மேல்நோக்கி நிற்கும்படி மாட்டி, சைக்கிளின் பின்பக்கம் தள்ளினால் இரண்டு பக்கப் பெடலும் கழலும், முன்பக்கம் தள்ளினால் இரண்டும் இறுகும். வலப்பக்கப் பெடலுக்கு வலப்புரியும் இடப்பக்கப் பெடலுக்கு இடப்புரியும் இருப்பதால் இப்படி அமைகிறது. மிதியின் பாரம் ஒவ்வொரு சுற்றிலும் துளையின் சுவரைச் சுற்றி நகர்வதால் பெடல் அச்சு மிக நுண்ணியதாக எதிர்த்திசையில் உருள்கிறது. அந்த உருளல் பெடலைக் கழற்றாமல் இறுக்கும்படி வைத்ததே இடப்புரியின் காரணம். ஆகாய விமானத்துக்குப் பெயர்போன ரைட் சகோதரர்கள் சைக்கிள் தயாரித்து விற்ற காலத்தில், 1900இல், கழலாத பெடல் என்று விளம்பரப்படுத்தியதும் இதையே.

கழற்றிய பெடலின் புரியில் பளபளக்கும் உலோக இழைகள் சுற்றியிருந்தால் அவை கிறாங்க்கிலிருந்து உரிந்து வந்தவை. பெடல் அச்சு கடின உருக்கு. கிறாங்க் அதைவிட மென்மையானது, அலுமினியமானால் இன்னும் மென்மை. எனவே புதுப் பெடல் வாங்கிப் போடுவதால் மட்டும் இந்தக் குறை தீராது. தளர்ந்த பெடலுடன் நாள்தோறும் ஓடுவதே துளையை அழிக்கும் முதற் காரணம் என்பதால், ஆட்டம் தெரிந்த அன்றே மிதிப்பதை நிறுத்தி உருட்டிக்கொண்டு போவது நல்லது. சுன்னாகம் சந்தைக்கு வெங்காய மூட்டையுடன் போகிறவருக்கு இந்த அறிவுரை கசக்கும் என்பது தெரியும்.

இனிப் பரிகாரம். துளையின் வெளிவாயில் ஒன்றிரண்டு புரிகள் மட்டும் மடிந்து, உட்பக்கம் நன்றாக இருந்தால், 9/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி கொண்ட டப்பை (துளையில் புரி வெட்டும் கருவி) கிறாங்க்கின் உட்பக்கத்திலிருந்து, அதாவது சட்டத்தை நோக்கிய முகத்திலிருந்து, செலுத்த வேண்டும். நல்ல புரியில் தொடங்கும் டப் தானே நேராக நின்று, வெளிவாயில் மடிந்தவற்றை நிமிர்த்திக்கொண்டு வெளியேறும். வெளியிலிருந்து தொடங்கினால் அழிந்த புரியே அதற்கு வழிகாட்டியாகி, கோணலை நிரந்தரமாக்கிவிடும். இடப்பக்கக் கிறாங்க்குக்கு இடப்புரி டப் தனியாக வேண்டும். ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் பிறகு கால் சுற்றுப் பின்வாங்கிச் சீவலை முறிக்க வேண்டும். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் நல்ல வெட்டெண்ணெய், உருக்குக்கு அதைவிடத் தடித்த எண்ணெய் தேவை.

புரி முழுவதும் உரிந்துவிட்டால் இரண்டே வழி. இடப்பக்கக் கிறாங்க் தனியாகக் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. அதை மாற்றிவிடுவதே என் தீர்ப்பு. வலப்பக்கக் கிறாங்க் பற்சக்கரத்துடன் சேர்ந்து வருவதால், அங்கே லேத் பட்டறையில் துளையைப் பெருப்பித்து புஷ் எனப்படும் உட்புரியிட்ட உருக்கு வளையம் ஒன்றை இறக்குவது நியாயமான செலவு. பட்டறையில் கேட்கும்போது எல்லா அளவையும் ஒருங்கே சொல்லிவிட வேண்டும்: “அண்ணை, உள்ளுக்கு ஒன்பது பதினாறு, இருபது புரி, வலப்புரி. கிறாங்குக்குச் சதுரமாய் நிக்க வேணும்.” கடைசி வாக்கியமே முக்கியம். துளை ஒரு பாகை சாய்ந்தாலும் பெடல் ஒவ்வொரு சுற்றிலும் காலைத் திருகும். முழங்கால் நோ வந்த பிறகே அது தெரியவரும். கையால் பிடிக்கும் டிறில் இதற்கு உதவாது. கிறாங்க்கை இறுக்கமாகக் கட்டிவைத்துக் கடைய வேண்டும். துளையைச் சுற்றிய சுவர் மெலிந்தோ வெடித்தோ இருந்தால் புஷ் வேண்டாம், கிறாங்க்கையே மாற்றுங்கள்.

துளையை வெல்டிங்கால் நிரப்பித் திரும்பத் துளையிடுவது உருக்குக் கிறாங்க்கில் நடக்கக்கூடியதுதான் என்றாலும், வெல்டிங் பட்ட இடம் சில வேளை மிகக் கடினமாகி டப்பை முறித்துவிடும். அலுமினியக் கிறாங்க்கில் அதைச் செய்யவே கூடாது. வெப்பம் பட்ட அலுமினியம் வலுவிழந்து, பாரம் ஏற்றி மிதிக்கும் ஒரு நாளில் ஒடியும். பெடலையே கிறாங்க்கோடு சேர்த்து ஒட்டிவிடுவது சில இடங்களில் வழக்கம். அதன் பிறகு பெடல் கெட்டால் கிறாங்க்கும் போகும் என்பதை அறிந்து செய்பவர் செய்யட்டும். மெல்லிய செப்புத் தகட்டைப் புரியில் சுற்றி இறுக்குவது வீடு வந்து சேரும்வரை மட்டுமே தாங்கும்.

புதுப் பெடல் இரண்டு சுற்றுக்கு மேல் ஏறவில்லை

இங்கே புரி இன்னும் அழியவில்லை, அழியப்போகிறது. இடம், வலம் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெடல் அச்சின் நுனியில் ‘எல்’ (இடம்), ‘ஆர்’ (வலம்) என்ற ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். அது சரியென்றால் அளவு: அச்சும் இரு கிறாங்க்குகளும் ஒரே இரும்பாக வளைத்துச் செய்யப்பட்ட பிள்ளைகளின் சைக்கிள்களில் பெடல் புரி 1/2 அங்குலம், ஏனைய பெரும்பாலானவற்றில் 9/16 அங்குலம். இரண்டுக்கும் புரியெண் 20தான் என்பதால் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் 12.7 மி.மீ., 14.3 மி.மீ. என்று விட்டம் வேறு. அளவும் சரியாக இருந்தும் இறுகினால் புரி மாறி ஏறியிருக்கிறது. கழற்றி, கிறீஸ் பூசி, ஸ்பானர் இல்லாமல் விரல்களால் மட்டும், முதலில் கழற்றும் திசையில் மெல்லச் சுழற்றி, புரி ‘டக்’ என்று விழும் இடத்தை உணர்ந்து, அங்கிருந்து ஏற்றுங்கள். பெடல் கடைசிவரை விரலாலேயே ஏற வேண்டும். ஸ்பானர் இறுதி இறுக்கத்துக்கு மட்டும். அந்த இறுக்கம் 35 முதல் 40 நியூற்றன்மீற்றர், 20 செ.மீ. நீளமான ஸ்பானரின் நுனியில் ஏறத்தாழ 19 கிலோகிராம் பாரம் தொங்குவதற்குச் சமம்.

கிறாங்க் ‘டக் டக்’ என்று தட்டுகிறது, கொட்டர் பின்னின் நட் சும்மா சுழல்கிறது

இது பழைய கனத்த சைக்கிள்களின் நித்திய நோய். கொட்டர் பின் ஒரு ஆப்பு. அதன் சரிந்த முகம் நடு அச்சின் தட்டையான வெட்டில் நெருக்கி அமர்வதால்தான் கிறாங்க் நிற்கிறது. நட்டின் வேலை அமர்ந்த பின்னை அங்கேயே வைத்திருப்பது மட்டுமே. நட்டை இறுக்கி இறுக்கிப் பின்னை உள்ளே இழுக்க முயல்வதால், அந்தச் சிறிய புரி தாங்காமல் உரிந்துபோகிறது.

புரி உரிந்த பின்னைத் திருத்த வேண்டாம், புதிது வாங்குங்கள். பழையதைக் கொண்டுபோய் விட்டத்தை ஒப்பிட வேண்டும்: ஆங்கில முறைச் சைக்கிள்களில் பெரும்பாலும் 9.5 மி.மீ.; 9 மி.மீ. பின்களும் உண்டு, அந்த அரை மில்லிமீற்றரைப் பொருட்படுத்தாமல் போட்டால் எந்த நட்டும் கிறாங்க்கைப் பிடித்து நிறுத்தாது. பழையதைக் கழற்றும்போது நட்டைப் பின்னின் நுனியோடு மட்டமாக வரும்வரை தளர்த்தி விட்டுவிட்டு, கிறாங்க்கின் அடியில் நிலத்தில் நிற்கும் இரும்புக் குழாயை முட்டுக்கொடுத்து, ஒரே அடியாக அடிக்க வேண்டும். முட்டு இல்லாமல் அடிக்கும் ஒவ்வொரு அடியும் நடு அச்சின் குண்டுகளுக்கும் அவை உருளும் கிண்ணமான கப்புக்கும் விழுகிறது. புதிய பின்னின் சரிவு முகத்தை அரத்தால் மெல்ல ஒத்துப் பார்த்து, அச்சின் தட்டையில் முழுமையாகப் படியும்வரை சீவி, அதே முட்டுடன் அடித்து அமர்த்திய பிறகே நட்டைப் பூட்டுங்கள். ஒரு பக்க நட் முன்னோக்கி நிற்கும்போது மறுபக்க நட் பின்னோக்கி நிற்க வேண்டும். மாறினால் பெடல்கள் ஒன்றுக்கொன்று நேரெதிரே நில்லா. சில நாள் ஓடிய பின் மறுபடி ஒருமுறை அடித்து, நட்டை இறுக்குவது அவசியம், புதிய பின் அதற்குள் சற்று அமர்ந்துவிடும்.

சில்லு நட் இறுகாமல் சுழல்கிறது, பின்சில்லு ஒரு பக்கம் சரிகிறது

ஆங்கில முறைச் சைக்கிளின் முன் அச்சு 5/16 அங்குலம், பின் அச்சு 3/8 அங்குலம். கடையில் இரண்டரை நூல், மூன்று நூல் என்று கேட்டாலும் விளங்கும். இரண்டிலும் 26 புரி. கியர் சைக்கிள்களில் 9 மி.மீ., 10 மி.மீ., இடைத்தூரம் 1 மி.மீ. மூன்று நூல் என்பது 9.5 மி.மீ. என்பதால், 10 மி.மீ. நட் அதில் ஏறும், தளர்வாக ஏறும், ஓரளவு இறுகுவதுபோலக் காட்டி, சரியாக நெருக்கும் கணத்தில் வழுக்கும். பாதி உயரத்தில் மட்டுமே கடித்த பற்கள் அப்போது உரிந்துவிடும். ஆகவே அச்சில் நட்டைக் கையால் ஏற்றிப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். தெளிவாக ஆடினால் நட் பிழையானது. நட்டை மாற்றியவுடன் குறை தீர்ந்தால் அதிர்ஷ்டம்.

அச்சின் நுனி மட்டும் சுத்தியல் பட்டு விரிந்திருந்தால் முக்கோண அரத்தால் முதற் புரியின் பள்ளத்தைத் திறந்து, சரியான டையை (வெளிப்புரி வெட்டும் கருவி) ஓட்டலாம். டை இல்லாவிடில், பழுதடைந்த புரிக்கு உட்புறமாக முன்பே ஒரு நல்ல நட்டை ஏற்றிவைத்துக்கொண்டு, நுனியை அராவியபின் அந்த நட்டை உள்ளிருந்து வெளியே கழற்றினால், அது பிசிறுகளை நிமிர்த்திக்கொண்டு வரும். நடுப்பகுதியில் புரி தட்டையாகியிருந்தாலோ, அச்சைக் கண்ணாடி மேசையில் உருட்டும்போது அது துள்ளினாலோ, திருத்தப் பார்ப்பது நேர விரயம். புது அச்சுப் போடுங்கள். பழையதைக் கழற்றுவதற்கு முன் இரு பக்கமும் கோனுக்கு வெளியே எவ்வளவு நீளம் நிற்கிறது என்று அளந்து குறித்துக்கொள்ளாவிட்டால் செயின் நேர்கோட்டில் வராது. கோனும் அதே புரியினதாக இருக்க வேண்டும். புது அச்சோடு பழைய கோனைச் சேர்க்க முன் கையால் முழு நீளமும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

நடு அச்சின் கப் வெளியே நகர்ந்து வருகிறது

வலப்பக்கக் கப் இடப்புரி. வலப்பக்கம் நின்று பார்க்கையில் மணிக்கூட்டுத் திசையில் சுழற்றினால்தான் கழலும். இதை அறியாமல் எதிர்த்திசையில் குழாய் போட்டு நெம்பியே பல சட்டங்கள் கெட்டிருக்கின்றன. வழமையான அளவு 1.37 அங்குலம், 24 புரி. நொட்டிங்ஹாமில் தயாரான பழைய றலிகளுக்கு மட்டும் 26 புரி. அந்தச் சட்டத்தில் சந்தைக் கப் இரண்டு சுற்றில் இறுகும். அதற்கு மேல் ஒரு சுற்றும் தள்ளாதீர்கள். பழைய கப் இன்னும் பாவிக்கக்கூடியதென்றால் குண்டுகளையும் அச்சையும் மட்டும் மாற்றி ஓட்டுவதே புத்தி. சட்டத்தின் புரியே உரிந்திருந்தால், புரி தேவைப்படாமல் இரு பக்கத்திலிருந்தும் ஒன்றையொன்று இறுக்கி நிற்கும் நடு அச்சுத் தொகுதிகள் கிடைக்கின்றன. உருக்குச் சட்டமானால் வளையம் ஒன்றைக் கடைந்து பித்தளையால் ஒட்டி மறுபடி புரி வெட்டலாம், ஆனால் அது கைதேர்ந்தவரின் வேலை.

மட்காட், கரியர், போத்தல் தாங்கி: சின்னத் திருகாணிகள்

பெரும்பாலும் 5 மி.மீ., இடைத்தூரம் 0.8. பண்ணைப் பாலத்தாலும் பொன்னாலைப் பாதையாலும் நாள்தோறும் போய்வரும் சைக்கிள்களில் இவை புரி அழிவதைவிட உப்பில் உறைந்து முறிவதே அதிகம். துருவிளக்கும் எண்ணெயை இட்டு ஓர் இரவு விட்டு, இறுக்கும் திசையில் ஒரு சிறு அசைவு கொடுத்தபின் கழற்றுங்கள். நல்லெண்ணெய் ஊற்றும் பழக்கம் வேண்டாம், நாளடைவில் அது பிசினாகிப் புழுதியைப் பிடித்துவைக்கும்.

துளை ஊடுருவிச் செல்வதாக இருந்தால் நீளமான போல்ட்டைப் போட்டு மறுபக்கம் நட் பூட்டிவிடலாம். எளிமையானதும் வலுவானதும் அதுவே. அல்லாவிடில் 5 மி.மீ. டிறிலால் துளைத்து, 6 மி.மீ. டப்பால் புரி வெட்டிப் பெரிய ஆணி போடலாம், சுற்றிலும் உலோகம் போதுமானதாக இருந்தால். பழைய அளவே வேண்டும் என்போருக்கு, துளையினுள் இறங்கிப் புதுப் புரியாக நிற்கும் கம்பிச்சுருள் உண்டு; 5 மி.மீ. ஆணிக்கு 5.2 மி.மீ. துளையும் அந்தச் சுருளுக்கென்றே செய்த டப்பும் தேவை, சாதாரண டப் பொருந்தாது. கியர் சைக்கிளின் பின் கியர் தொங்கும் காதில் இருக்கும் 10 மி.மீ. புரிக்கும் இதே முறை பொருந்தும். கழற்றக்கூடிய காதானால் மாற்றிவிடுங்கள். பிறேக் கம்பியைக் கடிக்கும் போல்ட்டில் புரி சந்தேகமாக இருந்தால் எதையும் திருத்த முயலாமல் போல்ட், நட் இரண்டையும் புதிதாகப் போடுங்கள்.

ஹாண்டிலின் கழுத்து நட் இறுகவில்லை

முன்சில்லைப் பிடிக்கும் கவரின் தண்டிலுள்ள புரி வழமையாக 1 அங்குலம், 24 புரி. பழைய றலியில் இங்கும் 26. நட் மட்டும் கெட்டிருந்தால் மாற்றலாம். தண்டின் புரி உரிந்து, அல்லது புரியின் அடியில் முடிபோல ஒரு வெடிப்புக் கோடு தெரிந்தால், அதை ஒட்டவோ, புஷ் போடவோ, வேறு எவ்விதத்திலும் காப்பாற்றவோ கூடாது. அதே நீளத் தண்டுள்ள வேறு கவரைத் தேடிப் போடும்வரை சைக்கிளைச் சுவரில் சாத்திவைக்க வேண்டும்.